அருவிக்கு மேலே ஒரு புள்ளி

டாக்டர் டார்ப்லி வரைபடத்தை மேசைமேல் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைக்கும் நான்கு மீன் பாட்டில்களைத் தூக்கி வைத்தபோது, வெர்லீன் ஸ்டில்ட்னர் தன் கையிலிருந்த புனலைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் வந்து பார் என்பார். வந்து பார்த்தால் ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் எதையாவது விரிப்பதும் அவள் வந்து பார்ப்பதுமாகவே முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது. கல்லூரியின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அந்த நீண்ட அறையில் பதினோராயிரம் பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஓடையின் மீன்கள் ஆல்கஹாலில் ஊறிக்கொண்டிருந்தன. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு விரற்கடை ஆவியாகிவிடும். அதை மறுபடியும் ஊற்றி நிரப்புவதுதான் அவளுடைய உத்தியோகம். மீன்கள் குடிக்கின்றன என்று புதிதாக வரும் மாணவர்களில் ஒருவன் ஆண்டுதோறும் ஒரு நகைச்சுவை சொல்வான். அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு அவன் நிற்கும் அந்தக் கணத்துக்காகவே அவள் சிரித்து வைப்பாள்.

டாக்டருக்கு எழுபத்து நான்கு வயது. பதினான்கு பைகள் வைத்த தூண்டில்காரர் மேல்சட்டை ஒன்றைக் கோடையிலும் குளிரிலும் போட்டிருப்பார். அவர் தூண்டில் பிடித்து அவள் பார்த்ததில்லை. பதினான்கு பையிலும் பேனாதான். இந்த மலைப்பக்கத்து ஓடைகளில் எந்த மீன் எங்கே இருக்கிறது என்பதை வரைபடமாகப் போட்டு ஒரு பெரிய புத்தகம் கொண்டுவருவதே அவருடைய வாழ்நாள் வேலை. அது இதோ அச்சுக்குப் போகிறது. ஒரு மீனுக்கு ஒரு பக்கம். ஆறுகள் நீல நரம்புகளாக ஓடும். மீன் பிடிபட்டு, பாட்டிலில் சாட்சியாக இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. முன்பு இருந்து இப்போது அழிந்துபோன இடத்தில் உள்ளே வெறுமையாக ஒரு வட்டம். இருநூறு வருஷமாக அந்த ஓடைகளின் கரையில் பன்றி வளர்த்து, சோளம் போட்டு, செத்துப் புதைந்தவர்களுக்கு அந்தத் தாளில் ஒரு மயிரளவு இடமும் கிடையாது என்பதை அவள் பல முறை கவனித்திருக்கிறாள். கவனித்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

“வெர்லீன், இங்க வா. இதப் பாரு.”

அவள் புனலை வைத்துவிட்டுப் போனாள். செங்கழுத்து டார்ட்டரின் பக்கம் அது. விரல் நீளம்கூட வளராத மீன். நீந்துவதைவிட ஓடையடிக் கல்லின்மேல் துடுப்பை ஊன்றி உட்கார்ந்திருப்பதுதான் அதற்குப் பிடிக்கும். மலைமுகட்டுக்குக் கிழக்கே பென்னர் ஓடையிலும் அதன் கிளைகளிலும் கறுப்புப் புள்ளிகள் மிளகைச் சிதறியதுபோல் கிடந்தன. முகட்டுக்கு மேற்கே, வேறோர் ஆற்றோடு போய்ச் சேரும் ஸ்லேட் லிக் ஓடையில், எந்த மீனாலும் ஏற முடியாத நாற்பதடி அருவிக்கும் மேலே, தனியாக ஒரே ஒரு வெற்று வட்டம். அது அவளுடைய அண்ணன் ஆர்பினின் மாட்டுத்துறை. அவள் பிறந்து, நடை பழகி, துணி துவைத்த இடம்.

அந்த ஒரு வட்டத்தின்மேல்தான் டாக்டர் டார்ப்லி என்கிற மனிதர் கட்டி எழுப்பப்பட்டிருந்தார். மலைக்கு அந்தப்பக்கத்து மீன் இந்தப்பக்கம் எப்படி வந்தது? ஒரு காலத்தில் ஸ்லேட் லிக்கின் தலைப்பகுதி கிழக்கே பாய்ந்து பென்னரோடு சேர்ந்திருக்க வேண்டும். பிறகு மலை அரிபட்டு, மேற்கு ஓடை கிழக்கு ஓடையின் தலையைக் கவர்ந்துகொண்டிருக்க வேண்டும். தலையோடு மீனும் வந்துவிட்டது. இதை அவர் நாற்பது பக்கத்தில் எழுதினார். எழுதியதைப் படித்தவர்கள் அவரை வெளியூர்களுக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு ஒரே சாட்சி, 2214-ஆம் பாட்டிலில் இருக்கும் ஒரு மீன். ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு பதின்மூன்று முறை அதே இடத்தில் வலை போட்டும் இரண்டாவது கிடைக்கவில்லை. கிடைக்காததற்கும் அவரிடம் காரணம் தயாராக இருந்தது. கரையில் மாடுகள். மாடுகள் சேறு கிளப்பி, சாணி போட்டு, கற்களை மூடி, அந்த இனத்தை அங்கே அழித்துவிட்டன.

அடுத்த வாரம் போட்டோ எடுக்க ஆள் வருவதாகவும், 2214 தான் அட்டைப்படம் என்றும் அவர் சொன்னார். அதைவிடப் பெரிய செய்தி வெள்ளிக்கிழமை. மீன்வள இலாகாக்காரர்கள் தொட்டியில் வளர்த்த செங்கழுத்துகளை ஸ்லேட் லிக்கில் கொண்டுவந்து விடப்போகிறார்கள். மீன் தன் பூர்விகத்துக்குத் திரும்புகிறது என்று பத்திரிகையில் போடுவார்கள். ஆர்பின் மாடு மேய்க்கும் ஓடைக்கரை நிலம் அவனுடையதல்ல, ஒரு நிலக் கம்பெனியுடையது, குத்தகைக்கு வைத்திருக்கிறான். இருகரையிலும் ஒரு மைல் நீளத்தைக் கம்பெனி மீனுக்காக எழுதிக்கொடுக்கிறது. வேலி வரும். கம்பெனிக்கு இதில் நல்ல பெயர். மலையின் மறுபக்கத்தை நிலக்கரிக்காகத் தோலுரித்தவர்களுக்கு நல்ல பெயர் எப்போதும் கொஞ்சம் தேவையாக இருந்தது.

“நீயும் வரணும். நீதான என் ராசியான பொண்ணு” என்றார் டாக்டர்.

வெர்லீனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவர் எப்போதும் மூன்று கூட்டி ஐம்பத்தொன்று என்பார். ஆனாலும் பொண்ணு என்பார்.

*

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆர்பினுக்கு பீன்ஸ் வேகவைத்து எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது நடக்கும். பாசத்தால் அல்ல. அவன் மனைவி போய்ச் சேர்ந்தபிறகு அவன் டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்பதை ஒருமுறை பார்த்துவிட்டாள். பார்த்ததை மறக்க முடியவில்லை. அவ்வளவுதான். அவன் அவள் கொண்டுவந்ததை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான். சோளரொட்டியை பீன்ஸில் பிட்டுப் போட்டு, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, தட்டைப் பார்த்தே சாப்பிடுவான்.

அம்மா இறந்தபோது வெர்லீனுக்குப் பதினாறு வயது. அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் பள்ளிக்கூடப் பேருந்துக்காக நின்றாள். ஆர்பின் டிராக்டரிலிருந்து இறங்கிவந்து, புத்தகப் பையைக் கையிலிருந்து வாங்கி, சமையலறை ஆணியில் மாட்டினான். அங்கே உனக்கு என்ன கிழிக்கப்போகிறார்கள் என்றான். அவனுக்கு அப்போது இருபத்தைந்து. கோபமாகச் சொல்லவில்லை, பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னான். அதற்காக அவள் அவனை மன்னிக்கவில்லை. மன்னிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. அவனைப் பற்றி அவள் எவ்வளவு கேவலமாக நினைத்தாலும் அது அவன்மேல் படாமல் தரையில் விழுந்துவிடும்.

அன்று அவன் தட்டைப் பார்க்காமல் ஜன்னல் வழியே ஓடையைப் பார்த்துச் சாப்பிட்டான். முப்பத்திரண்டு மாடுகள் வெயிலுக்குத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. மேட்டுப் புல்வெளியில் தண்ணீர் கிடையாது. கிணற்றில் வருவது அழுகிய முட்டை நாற்றத்துடன் ஆரஞ்சு நிறத்தில் வரும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். வேலி போட்ட மறுநாளே மாடுகளை ஏலச் சந்தைக்கு ஓட்டவேண்டியதுதான். இதையெல்லாம் அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமில்லாமல் அவளுக்கே தெரியும்.

“அந்தக் கெழவன்கிட்ட கேளு” என்றான். “நம்மப்பா இந்த ஓடைல குளிச்சாரு. நான் குளிச்சேன். நம்ம பன்னி குளிச்சுது. நம்ம யாரு கண்ணுலயும் படாத மீனு, ஒரு மத்தியானம் வந்து நின்ன அவன் கண்ணுல பட்டுதாமா?”

“பாட்டில்ல இருக்கு.”

“பாட்டில்ல என்ன வேணா இருக்கும்.”

அவன் எழுந்து போய்த் தட்டைக் கழுவுதொட்டியில் வைத்தான். படிக்கத் தெரியாதவன், ஆற்றுக்குப் பெயர் தெரியும், அது எங்கே போய் விழுகிறது என்று தெரியாதவன், உலகத்தில் விரலைவிடச் சின்னதாக இருக்கும் எல்லா மீனையும் தூண்டில் இரை என்று மட்டும் அழைப்பவன். ஆனால் அவன் சொன்னது சரி. பதினான்கு பைச் சட்டைக்காரரும் அவருடைய நாற்பது பக்கமும் அந்தப் பக்கங்களைப் படித்துத் தலையாட்டிய ஊர்ப்பட்ட படிப்பாளிகளும் தவறு. சோளரொட்டித் துகள் தாடையில் ஒட்டிய இந்த மனிதன் சரி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

*

அந்த ஆகஸ்டில் அவளுக்குப் பதினேழு. கோடையில் வலை இழுக்க ஆள் தேவை என்று கல்லூரிக்காரர்கள் கடைவாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆர்பின் வைக்கோல் வேலைக்கு வெளியே போயிருந்த பதினைந்து நாளுக்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். டாக்டர், மூன்று மாணவர்கள், அவள். இரண்டு கழிகளுக்கு நடுவே வலையைப் பிடித்து நிற்கவேண்டும். மேலே ஒருவன் கற்களை உதைத்துப் புரட்டுவான். கிளம்பும் மீன் வலையில் வந்து விழும். உடனே தூக்கிக் கரையில் போட்டு, உயிரோடு, பதப்படுத்தும் மருந்தான ஃபார்மலின் வாளியில் போடவேண்டும். ஓர் இடம் முடிந்ததும் வலையைப் புதரில் விரித்து, உதறி, இருபுறமும் அலசவேண்டும். ஈயக்குண்டு கோத்த அடிக்கயிற்றின் மடிப்பில் சின்ன மீன்கள் ஒட்டிக்கொள்ளும். அதை அலசாமல் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகக் கூடாது. அதுதான் அவளுடைய வேலை. வேறெதற்கும் அவளை நம்பவில்லை.

காலையில் பென்னர். நாற்பத்தொரு செங்கழுத்துகள். அவள் வலையைப் புதருக்குக் கொண்டுபோனபோது மூன்று மாணவர்களும் கரையில் படுத்து பிஸ்கட்டும் மத்தி மீனும் தின்றுகொண்டு, அவளுடைய நனைந்த கால்சட்டையைப் பற்றித் தங்களுக்குள் ஏதோ சொன்னார்கள். ஒருவன் அவள் நடையை நடித்துக் காட்டினான். மற்றவர்கள் வாய் நிறைய பிஸ்கட்டோடு சிரித்தார்கள். புதர் அவர்களுக்கு நேரெதிரே இருந்தது. அங்கே நின்று கையைத் தூக்கி வலையை விரிப்பதா, உதறுவதா? அவள் வலையை இருந்தபடியே சுருட்டி வண்டியில் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஸ்லேட் லிக். அவளுடைய வீட்டு ஓடை. முதல் இழுப்பு. வலையை வாளிக்குமேல் கவிழ்த்தபோது, துள்ளும் மீன்களோடு துள்ளாத ஒன்றும் விழுந்தது. வால் ஒருபக்கம் வளைந்து, காய்ந்து, காலையிலேயே செத்திருந்தது. அவள் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். அவர் பார்த்தது கழுத்திலிருந்த சிவப்பை மட்டும். அவர் கத்திய கத்தலில் கரையிலிருந்த மாடுகள் ஓடின. பிறகு அவள் கையைப் பிடித்து, ராசிக்காரப் பெண் என்று மாணவர்களிடம் சொன்னார். நடையை நடித்துக் காட்டியவனும் கைதட்டினான். இரண்டு மாதத்தில் அடித்தள அறையில் நிரந்தர வேலை. கல்லூரி ஊரில் ஒரு சின்ன அறை. தனக்கு மட்டும் சமைத்தால் போதும் என்கிற வாழ்க்கை. ஆர்பினின் சமையலறை ஆணியிலிருந்து அவள் தன் புத்தகப் பையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பி அடுப்புக்குத்தான் போயிருப்பாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். பிறகு அந்த நாற்பது பக்கம் வந்துவிட்டது. பிறகு அவ்வளவு பெரிய மனிதர்கள் அவ்வளவு அழகாக முட்டாள்களாக இருப்பதைத் தினமும் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி உண்டாகிவிட்டது. பேசத் தெரியாத பெண் ஒருத்தி அலசாமல் விட்ட வலை, ஒரு மலையையே திருப்பிப் போட்டிருக்கிறது. இது தனக்கு மட்டும் தெரியும். வேறு சொத்து எதுவும் இல்லாதவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

*

திங்கட்கிழமை காலை, டாக்டர் வருமுன் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தாள். 2213, பென்னர். 2214, ஸ்லேட் லிக். அவர் வந்து, சட்டைப் பைகளைத் தடவிப் பேனாக்கள் இருப்பதை உறுதிசெய்துகொண்டு உட்கார்ந்ததும், இரண்டையும் விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் எதுவும் சொல்லவேண்டியதில்லை. உயிரோடு ஃபார்மலினில் விழும் மீன் மூச்சுக்குத் தவித்துச் சாகும். வாய் அகலத் திறந்து, செவுள் விடைத்து, துடுப்புகள் எல்லாம் விரிந்தபடியே விறைத்துப்போகும். 2213-இல் நாற்பத்தொரு மீன்களும் ஏதோ கத்த வந்து நின்றுவிட்டவைபோல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. 2214-இல் இருந்தது உதட்டை மூடி, துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, வால் வளைந்து, அமைதியாக மிதந்தது. முப்பத்தொரு வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் பார்க்க அது அப்படித்தான் இருந்தது.

“இது ஃபார்மலின்ல சாகல, டாக்டர். அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. பென்னர்ல. வலைய நான் அலசல.”

அவ்வளவு நீளமாக அவள் அவரிடம் பேசியதே இல்லை. அவர் இரண்டு பாட்டிலையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அண்ணன் அனுப்பினானா?”

“இல்ல.”

“ரத்த பாசம். தப்பு சொல்ல மாட்டேன். நீ நல்ல பொண்ணு.” அவர் 2214-ஐ விரல்களால் மெதுவாகத் திருப்பினார், மீனின் முகம் சுவர்ப்பக்கம் போகும்வரை. “சில மீனு அப்படித்தான். வாயத் தொறக்காது.”

“பதினோராயிரம் பாட்டில் பாத்திருக்கேன். ஒண்ணுகூட அப்படி இல்ல.”

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், அன்பான குரலில் சொன்னார். “இந்த மீனு இல்லேன்னா நீ எங்க இருந்திருப்பேன்னு யோசிச்சுப் பாத்தியா? போட்டோக்காரன் வர்றதுக்கு முன்னாடி பூச்சி குத்துற ஊசி வெச்சு வாயக் கொஞ்சம் தொறந்து விடு. துடுப்பையும் விரிச்சு வை. உன் கைதான் மெதுவான கை.”

அவர் போனபிறகும் அவள் அங்கேயே நின்றாள். ஒரு விஷயம் அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் டாக்டர் 2214-ஐக் காட்டுவார். 2213-ஐ ஒருமுறைகூடக் காட்டியதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க விட்டதும் இல்லை. எண் வரிசைப்படி பக்கத்தில் இருக்கவேண்டியவை, முப்பதடி தள்ளி வேறு வேறு அலமாரிகளில் இருந்தன. அவரே ஆரம்பத்தில் அப்படி வைக்கச் சொல்லியிருந்தார். ஆக, முட்டாளுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்கிறோம் என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் அந்த அறையில் இருந்த ஒரே முட்டாள். அவர் பதின்மூன்று முறை ஸ்லேட் லிக்குக்குப் போனது மீனைத் தேடி அல்ல. அங்கே இருந்தே இராத மீனை இருந்து அழிந்ததாகக் காட்ட, பழிபோட ஆள் தேடிப் போயிருக்கிறார். மாடு அகப்பட்டது. ஊசிப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

*

வெள்ளிக்கிழமை ஸ்லேட் லிக்கின் துறையில் நான்கு வண்டிகள் நின்றன. கம்பெனி ஆள் வண்டி முகப்பின்மேல் பத்திரத்தை விரித்து, காற்றில் பறக்காமல் கையால் அழுத்திக்கொண்டிருந்தான். அவன் காலணி விலையுயர்ந்தது. சேறு படாமல் இருக்க ஒரு தட்டைக் கல்லாகப் பார்த்து நின்றிருந்தான். பத்திரிகைக்காரப் பெண் டாக்டரை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, ஓடையைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தாள். அவர் ஓடையை, தான் பெற்று வளர்த்ததுபோல் பார்த்தார். எதிர்க்கரையில் ஆர்பின் பழைய வேலிக்கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தான், பின்னால் மாடுகள். அவனை யாரும் அழைக்கவில்லை. போகச் சொல்லவும் யாருக்கும் துணிச்சலில்லை.

இலாகாவிலிருந்து வந்திருந்தவள் டெலேனி கிறிஸ்ப். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அடித்தள அறைக்கு அவ்வப்போது பாட்டில்கள் பார்க்க வந்திருக்கிறாள். மீன்களைக் காப்பாற்றச் சொல்லும் ஒட்டுப்படங்களால் தன் வண்டியை மூடிவைத்திருந்தாள். இவளும் டாக்டரைப்போல ஒரு படிப்பாளிதான் என்று வெர்லீன் நினைத்திருந்தாள், ஆனால் எடுத்த பாட்டிலை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போகும் ஒரே ஆள் இவள்தான். இடுப்புவரை ரப்பர் காலுறை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, நாற்பது குட்டி மீன்கள் இருந்த தடித்த பிளாஸ்டிக் பையை ஓடையில் மிதக்கவிட்டிருந்தாள். பையை உடனே அவிழ்க்கக் கூடாது. பைத்தண்ணீரும் ஓடைத்தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். இருபது நிமிஷம், அதற்குப் பிறகு விட்டுவிடலாம், விட்டதும் கையெழுத்து என்று எல்லாரிடமும் சொன்னாள். கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தான்.

வெர்லீன் தன் காரின் பின்கதவைத் திறந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்தாள். அந்த அறையிலிருந்து அவள் எதையும் வெளியே கொண்டுவந்தது அதுவே முதல்முறை. முழங்கால்வரை நனைய நடந்து டெலேனிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. இரண்டு பாட்டிலையும் அவள் முகத்துக்கு நேரே வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

டெலேனி சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். முதலில் எண்களைப் படித்தாள். பிறகு வாய்களைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“ரெண்டும் ஒரே நாளா?”

“ஒரே நாள். காலைல அது, மத்தியானம் இது.”

“ஒரே வலையா?”

“ஆமா.”

“யாரு சுருட்டினது, மிஸ் வெர்லீன்?”

“நான்தாம்மா. அலசல.”

கரையிலிருந்து டாக்டர் ஒருமுறை வெர்லீன் என்று கூப்பிட்டார், நாயை அழைக்கும் குரலைவிட ஒரு பங்கு மரியாதையாக. அவள் திரும்பவில்லை. டெலேனி கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் சிக்னல் எதுவும் கிடைக்காது என்பது நினைவுக்கு வந்து மறுபடி நெஞ்சுப் பைக்குள் வைத்தாள். ஒரு மீனை அதற்குச் சொந்தமான ஓடையில் விட்டால் பத்திரிகையில் படம் வரும். சொந்தமில்லாத ஓடையில் விட்டால் அது குற்றம்; அவளே நான்கு பேருக்கு அதற்காகத் தண்டம் போட்டிருக்கிறாள்.

“என்னாச்சு?” என்றான் கம்பெனி ஆள், கல்லின்மேலிருந்து இறங்காமல். “எவ்வளவு நேரம்?”

“இன்னும் எட்டு நிமிஷம்” என்றாள் டெலேனி. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஓடை அந்த இடத்தில் குறுகலானது. பேசியதெல்லாம் எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும். ஆர்பின் கம்பத்திலிருந்து நிமிர்ந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்து நின்றான். அவன் தங்கையைப் பார்த்த பார்வையில் முப்பத்தொரு வருஷமும் ஒவ்வொன்றாக ஓடுவதுபோலிருந்தது: அவள் போனபிறகு அணைந்து கிடந்த அடுப்பு, வெறும் ஆணி, பிறகு பதின்மூன்று முறை தன் துறையில் வந்து இறங்கிய வண்டிகள். அவள் காத்திருந்தாள். என்ன சொல்வான் என்று தன்னையறியாமல் காத்திருப்பதற்காகத் தன்னையே வெறுத்தபடி காத்திருந்தாள்.

“ஒரு வலையக்கூட ஒழுங்கா அலசத் தெரியல உனக்கு” என்றான்.

சொல்லிவிட்டுத் துப்பினான். அப்படியே திரும்பிப் போய்க் கம்பத்தில் மாட்டி மாடுகளை மறித்திருந்த சங்கிலியை அவிழ்த்துவிட்டான். மாடுகள் வழக்கம்போல ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் இறங்கி வந்தன.

டெலேனி பையின் முடிச்சை இரண்டு விரலால் பிடித்தபடி நின்றாள். அவிழ்க்கவுமில்லை, கரைக்கு இழுக்கவுமில்லை. பைக்குள் ஓட்டமே இல்லை, ஆனாலும் நாற்பது மீன்களும் வெளியே ஓடும் தண்ணீரின் திசையறிந்து ஒரே பக்கம் திரும்பி, மூக்கைப் பிளாஸ்டிக்கில் அழுத்திக்கொண்டிருந்தன. முன்னால் வந்த செவலைக் கிடாரி தண்ணீரில் இறங்கி, பையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அதற்கு ஒரு முழம் தள்ளிக் குனிந்து நிதானமாகக் குடிக்கத் தொடங்கியது. அதன் குளம்பு கிளப்பிய சேறு மெல்லப் படர்ந்து வந்து, பையைச் சுற்றி, பிறகு பைக்குக் கீழே போய், அவர்கள் இருவரின் கால்களையும் மறைத்தது.